புழு சாகும் பெட்டிக்கு என்ன வழி?



1991-92ல் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தது ‘தாய் சாக்புரூட்’ நோய். இன்றும் அது வரும்.

புழு அடையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல புழு முத்துப்போல் வெண்மையாகச் சுருண்டிருக்கும். நோய் கண்ட புழு, தலை தூக்கி மல்லாந்து கிடக்கும். ஊசியால் மெல்ல எடுத்தால் நீர் நிறைந்த பைபோலத் தொங்கும்.

இது நச்சுயிரி நோய். மருந்துப் பொடிக்குக் கேட்காது. பொடி தேனில் கலப்பதுதான் மிச்சம். ராணியைப் பெட்டிக்குள்ளேயே இரண்டு வாரம் கூண்டில் அடையுங்கள். முட்டை நின்றால் நோய் பெருகப் புழு இராது. அதற்குள் பணித்தேனீக்கள் அறைகளைத் துப்புரவு செய்துவிடும். மிகவும் கெட்ட அடைகளை எரித்துவிடுங்கள். ஈக்கள் நெருக்கமாக மூடும் அளவுக்கே அடை இருக்கட்டும். மெலிந்த கூட்டத்துக்கு இரக்கப்பட்டு அடுத்த பெட்டியின் அடையைக் கொடுப்போம் அல்லவா? நோய் அப்படியும் பரவும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடாதீர்கள்.

பக்கத்துப் பெட்டிகள் நோயில் விழுந்தபோதும் தாக்குப்பிடித்த கூட்டம் எது என்று குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் அதிலிருந்தே ராணி எடுங்கள்.