சிட்டாவும் பேரேடும்

அன்றாட வரவு செலவைச் சிட்டாவில் குறித்துக்கொண்டு, பின்னர் ஒத்துப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவது நம் வணிகர்களின் பழைய வழக்கம். மின்சாரமும் குடிநீரும் வழங்கும் நிறுவனங்கள் இன்று கணிப்பொறியில் வைத்திருக்கும் வரைபடங்களும் ஏறக்குறைய இம்முறையிலேயே திருத்தப்படுகின்றன.

2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்க்ஜிஐஎஸ் யுடிலிடி நெட்வொர்க் என்னும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் யாவருக்கும் பொதுவான மூலப் பதிப்புக்கு ‘டீபால்ட்’ என்று பெயர், அதுவே பேரேடு. பணியாளர் தமக்கெனத் திறந்துகொள்ளும் தனிப் பதிப்பு சிட்டா. இதற்கிடையே மூலத்தில் நேர்ந்த மாற்றங்களைத் தனிப் பதிப்புக்குக் கொணர்ந்து ஒத்துப் பார்ப்பது ‘ரீகன்சைல்’. அதன்பின் நம் திருத்தங்களை மூலத்தில் ஏற்றுவது ‘போஸ்ட்’.

இவ்விரு படிகளிலும் பிழைச் செய்தி எழுவதுண்டு. அப்போது நாம் பதறாமல் காரணத்தை வரிசையாகத் தேட வேண்டும். முதலாவது, அதே தனிப் பதிப்பை வேறொருவரும் திறந்து வைத்திருக்கின்றாரா என்று பார்க்க வேண்டும். அவர் அதை மூடும் வரை ஒத்துப் பார்த்தல் நடைபெறாது. இரண்டாவது, நாம் ஒத்துப் பார்த்த பிறகு மற்றொருவர் தம் திருத்தங்களை மூலத்தில் ஏற்றியிருக்கலாம். அவ்வாறாயின் மீண்டும் ஒருமுறை ஒத்துப் பார்த்த பின்னரே ஏற்ற முடியும். மூன்றாவது, ஒரே மின்மாற்றியின் விவரத்தை இருவர் இருவிதமாக மாற்றியிருக்கலாம். அல்லது ஒருவர் மாற்றியதை மற்றொருவர் நீக்கியிருக்கலாம். இத்தகைய முரண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது மெய் என்று முடிவு செய்தல் வேண்டும். வேலை விரைவில் முடிய வேண்டும் என்று, பாராமலே அனைத்தையும் நம் பக்கமாகத் தீர்த்துவிடுவது, அயலாரின் ஒரு நாள் உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடும்.

இவற்றைக் காட்டிலும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. ஓர் அலுவலர் பழைய மின்மாற்றியை மூலப் பதிப்பில் நீக்கிவிடுகின்றார். அதே வேளையில் நாம் நம் தனிப் பதிப்பில், அந்த மின்மாற்றியிலிருந்து புதிய வீடொன்றுக்குக் கம்பி வரைகின்றோம். ஒருவர் தொட்டது மின்மாற்றி. மற்றவர் தொட்டது கம்பி. இரண்டும் வெவ்வேறு பதிவுகளாதலால் கணிப்பொறி முரண் எதையும் அறிவிப்பதில்லை. ஆயினும் ஒன்று சேர்ந்தபின் அந்தக் கம்பி, மின்சாரம் வரும் வழியின்றி நிற்கின்றது. ஆகவே முரண் இல்லை என்ற செய்தியைக் கண்டதும் மனநிறைவு கொள்ளலாகாது. ஒத்துப் பார்த்தபின், திருத்தம் நேர்ந்த இடங்களை ‘வேலிடேட்’ என்னும் செயலால் சோதித்து, மின்சாரம் செல்லும் பாதையை வரைபடத்தில் ஒருமுறை தொடர்ந்து பார்த்து, அதன் பின்னரே மூலத்தில் ஏற்றுதல் வேண்டும்.

இத்தனை கவலை எதற்கு என்று கேட்கலாம். வரைபடத்தை நம்பியே எந்த சுவிட்சைத் திறப்பது, எந்தக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று அலுவலகத்தில் முடிவு செய்கின்றனர். அந்தச் சொல்லை நம்பியே ஒரு தொழிலாளி மின்கம்பத்தில் ஏறுகின்றார். வணிகரின் பேரேட்டில் நேரும் பிழை பணத்தோடு போய்விடும். இப்பேரேட்டில் நேரும் பிழை உயிரைத் தொடும். பிழைச் செய்தியை வேலைக்கு இடையூறு என்று வெறுக்காமல், ஏற்றுமுன் ஒருமுறை பார் என்று தடுத்து நிறுத்தும் தோழனின் குரலாகக் கொள்வோமாக.