மென்பொருளுக்கும் ஒரு மகமை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்வது சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. அத்தெருவைச் சார்ந்த ஆரியசாலையில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து வாழ்ந்து வருகின்றனர். தமிழும் மலையாளமும் ஒரே தராசின் இரு தட்டுகளைப்போல் அங்கே புழங்குகின்றன.

அங்குள்ள கடை ஒன்றினுள் இன்று நுழைவோமாயின், கல்லாப்பெட்டியின் அருகே பணம் செலுத்துவதற்கான சதுரக் குறியீட்டு அட்டை நிற்பதைக் காண்போம். பேரேடு இருந்த இடத்தில் கணினி இருக்கிறது. முதலாளியின் கையில் செல்பேசி இருக்கிறது. அச்செல்பேசி ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்ததானால், அதன் அடித்தளம் லினக்ஸ் என்னும் மென்பொருள். பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் உலகெங்குமுள்ள பலர் கைகொடுத்து வளர்த்தது அது.

இத்தகையவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்தமூல மென்பொருள் என்றும் வழங்குகிறோம். இவற்றின் மூல வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஊர்ப் பொதுக்கிணற்றில் யாரும் நீர் இறைக்கலாம் அல்லவா? அதைப் போன்றது இது. ஆனால் கிணற்றைத் தூர்வார யாரேனும் இறங்கித்தானே ஆகவேண்டும்?

“இலவசமாகக் கிடைப்பதற்கு நாம் ஏன் பணம் தரவேண்டும்?” என்று வணிகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு காசுக்கும் கணக்குப் பார்ப்பது வணிகரின் இயல்பு, அது குறையன்று. ஆகவே கணக்காகவே விடை கூறுவோம்.

இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் படிக்கவொண்ணாதபடி மறைத்தனுப்ப உதவுவது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருள். உலகின் எண்ணற்ற வணிகத் தளங்கள் அதை நம்பியிருந்தன. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதில் பெரியதொரு பிழை வெளிப்பட்டது. இரண்டாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாமல் இருந்த பிழை அது. அதன் வழியே கடவுச்சொற்களையும் மறைபொருள்களையும் திருடவும் இயலும் என்று தெரிந்தது. அப்போதுதான் உலகம் விசாரித்தது: இதைப் பேணுவோர் யார்? முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர். கோடி கோடியாக வணிகம் செய்தவர்கள், தம் பெட்டகத்தின் பூட்டைச் செய்து கொடுத்தவருக்கு எண்ணெய்ச் செலவுக்குக்கூடக் கொடுக்கவில்லை. பிழை வெளிப்பட்ட பின்னரே பெரிய நிறுவனங்கள் கூடி நிதி திரட்டின.

பத்தாண்டு கழித்து, 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மற்றொரு நிகழ்ச்சி. கோப்புகளைச் சுருக்கித் தரும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளைத் தன்னார்வலர் ஒருவர் ஊதியமின்றிப் பேணி வந்தார். அவர் தளர்ந்திருந்த வேளையில், உதவி செய்பவர்போல் ஒருவர் வந்து சேர்ந்தார். ஈராண்டுக்கு மேலாகப் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்தார். பின்பு அதனுள் கள்ளவழி ஒன்றைப் புதைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு என்னும் பொறியாளர், வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்தமையால் அக்கேடு உலகெங்கும் பரவுமுன் தடுக்கப்பட்டது. தனித்து விடப்பட்ட காவலனின் களைப்பே கள்ளனுக்குக் கதவாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று எண்ணவேண்டா. நம் கதைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் ரிச்சர்டு ஸ்டால்மன், இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி வைத்தது இந்நகரத்தில்தான். கேரளப் பள்ளிகளின் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாக 2019இல் அத்திட்டத்தை நடத்துவோர் மதிப்பிட்டனர். ஆரியசாலைத் தமிழ்க் குழந்தை பள்ளியில் கணினி பழகுவதும் அந்தப் பொதுச் சொத்தினால்தான்.

மொழிக்கு அவர்கள் செய்த தொண்டையும் சொல்லவேண்டும். ‘சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் தன்னார்வக் குழு மலையாளத்திற்கு அழகிய எழுத்துருக்களை ஆக்கியளித்தது. அத்துடன் நில்லாமல், ‘மீரா இனிமை’ என்ற தமிழ் எழுத்துருவையும் செய்து உலகிற்கு வழங்கியது. அண்டை மொழியார் நமக்களித்த கொடை அது. தமிழ் தட்டெழுதப் பலருக்கு வழிகாட்டிய இ-கலப்பையும் தன்னார்வலரின் படைப்பே. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் ஊருக்குத் தமிழில் மடல் எழுதும்போது, முகமறியாத எத்தனையோ பேருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இக்கடனைத் தீர்க்கும் முறையை நாம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் வணிகர்கள் தம் விற்பனையில் சிறு பங்கை மகமை என்று ஒதுக்கினார்கள். கோயிலும் கிணறும் பள்ளியும் அதனால் எழுந்தன. காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலை மகமையாலும் வீட்டுக்கு வீடு சேர்த்த பிடியரிசியாலும் வளர்ந்தது. மகமை பிச்சையன்று, பொதுவானதைப் பயன்படுத்துவோர் பொதுவானதைக் காக்கும் முறை.

நம் நாட்டிலேயே இதற்குப் புதிய எடுத்துக்காட்டும் உண்டு. பங்கு வணிகத் துறையில் உள்ள பெங்களூரு நிறுவனமான ஜெரோதா, கட்டற்ற மென்பொருள்களுக்கென ஆண்டுதோறும் 10 இலட்சம் டாலர் வழங்கும் நிதியை 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. தம் தொழில் எதன்மேல் நிற்கிறதோ அதைத் தாங்குவது தம் கடமை என்று அவர்கள் கருதினர்.

அவ்வளவு பெருந்தொகை நம்மிடம் ஏது என்று சிறு வணிகர் தயங்க வேண்டா. கடைக் கணினியைப் பார்த்துக்கொள்பவரை அழைத்து, இதில் எவையெவை கட்டற்ற மென்பொருள் என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதி வாங்குங்கள். அவற்றுள் நிதி தேடும் ஒன்றிரண்டைத் தேர்ந்து, அவற்றின் உரிய அமைப்பு எதுவென்று உறுதி செய்துகொண்டு, ஆண்டுக்கு ஒரு தொகையை அனுப்புங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் தணிக்கையாளரிடம் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியே இயலாதாயின் வணிகர் சங்கத்தின் வழியாக ஒன்றுசேர்ந்து கொடுக்கலாம். பெரிய நிறுவனங்கள் பணத்தோடு நில்லாமல், தம் பொறியாளர்களின் வேலை நேரத்தில் ஒரு பகுதியையும் இத்தொண்டிற்கு விடலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கொடுத்தவர் என்பதற்காகத் தன்னார்வலரை வேலையாளாக எண்ணி அதிகாரம் செய்வது தகாது. கிணற்றுக்கு மகமை கொடுத்தவர் கிணற்றை உரிமை கொண்டாடுவதில்லை.

ஆண்டுதோறும் நவராத்திரி விழாவுக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றன. சரசுவதி கோட்டைக்குள்ளே கொலுவிருக்க, வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைத் தேவி கோயிலில் தங்குகிறார். அந்நாட்களிலேயே ஆயுதபூசையும் வருகிறது. தராசையும் படிக்கல்லையும் கணக்கேட்டையும் துடைத்துச் சந்தனமிட்டு வணங்கிய நாம், இப்போது கணினிக்கும் பொட்டு வைக்கிறோம். பொட்டு வைப்பது பெட்டிக்கு; பெட்டிக்குள் இருந்து உழைப்பதோ முகமறியாத மனிதரின் அறிவு. அவ்வறிவுக்கும் ஒரு பங்கை அன்றே எடுத்து வைப்போமாயின், நம் தொழிற்கருவிக்கு நாம் செய்யும் பூசை முழுமை பெறும்.