அணைத்த பிறகும் அடுப்பைப் பாருங்கள்

(மொரப்பூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இஞ்சினியர் பேசறார்னா ராக்கெட் விஷயமா இருக்கும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் பேச வந்தது அடுப்பைப் பற்றி. நம்மில் பலர் ஓட்டல், பேக்கரி, கல்யாண மண்டபம் நடத்துகிறோம். காஸ் விலைக்குப் பயந்து பெல்லட் அடுப்புக்கு மாறியவர்களும், மாறலாமா என்று யோசிப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மரத்தூள், கடலைத்தோல், கரும்புச் சக்கை இவற்றை அழுத்திப் பென்சில் பருமனில் செய்த துண்டுதான் பெல்லட். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து ஜோ ட்ரேகர் என்பவர் இதில் எரியும் கிரில் அடுப்புக்கு 1986இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 2000களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தோடு 'ஊர்ஜா' என்ற வீட்டு அடுப்பு வந்தது. ஒரு கிலோ காஸ் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் தரும். நம் பக்கத்துப் பெல்லட் சுமார் 4,000. அதாவது ஒரு கிலோ காஸுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் கிலோ பெல்லட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் மாற வேண்டும்.

அடுப்பின் அமைப்பு எளிது. மேலே பெல்லட் கொட்டும் பெட்டி. ஒரு திருகு சுழன்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு ஃபேன் காற்று கொடுக்கும். ஃபேன் ஓடும்வரை தீ சுத்தமாக எரியும். ஃபேன் நின்றால்? அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

என் சித்தப்பா மகன் இந்த ஊரில் சின்ன ஓட்டல் வைத்திருக்கிறான். சாயங்காலம் கிரில் சிக்கன் உண்டு. பெல்லட் கிரில்லைப் பொருத்திக் கொடுத்தவன் நான். ஒரு ஐப்பசி மழை ராத்திரி, கடை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியே நனையுமே என்று கிரில்லைப் பின்னறைக்குள் தள்ளிவிட்டார்கள். வேலைக்கார பையன் சாரலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டான். விடியற்காலை நாலு மணிக்கு மாவு எடுக்கப் போன தம்பி கதவைத் தட்டினால் பதிலில்லை. உடைத்துத் திறந்து வெளியே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்தான்.

தம்பி என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "பத்த வைக்கிறத ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தீங்களேண்ணா, அணைக்கிறத ஏன் சொல்லல?"

பதில் இல்லை. தப்பு என்னுடையது.

நடந்தது இதுதான். ஃபேன் நின்றதும் கிண்ணத்திலிருந்த கங்கு காற்றுப் போதாமல் கனன்றது. அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். காஸ் கசிந்தால் மூக்கு சொல்லும். அதற்கென்றே நாற்றம் சேர்க்கிறார்கள். இது சொல்லாது. தலைவலி, குமட்டல், தூக்கம், அவ்வளவுதான்.

ஆகவே அணைக்கும் முறையைக் கேளுங்கள். முதலில் பெல்லட் வருவதை நிறுத்துங்கள். கிண்ணத்தில் இருப்பது எரிந்து தீரட்டும். அதுவரை ஃபேன் ஓடட்டும். அடுப்பு ஆறிய பிறகே சுவிட்ச். கரண்ட் போனால் ஃபேனும் நிற்கும். தீ திருகு வழியாகப் பெட்டிக்கே ஏறலாம். எனவே ஃபேனுக்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் அவசியம். பெட்டியின் மூடி எப்போதும் மூடியிருக்கட்டும். அடுப்பு எப்போதும் வெளியிலோ, புகைபோக்கியோடு காற்றோட்டமான இடத்திலோதான் இருக்க வேண்டும்.

சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் போட்டு வெளியே மண்தரையில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். சாக்கிலோ பிளாஸ்டிக் வாளியிலோ வேண்டாம். உள்ளே கங்கு இருக்கும். கிண்ணத்தைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பற்றாமல் பெல்லட் குவிந்திருந்தால் அப்படியே மறுபடி பற்ற வைக்காதீர்கள். தேங்கிய புகை குப்பென்று பிடிக்கும். ஆறவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்த பிறகே பற்ற வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. கோழிக் கொழுப்பு சொட்டும் தட்டை அன்றன்றே கழுவுங்கள். கொழுப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுவிட்சை அணைத்து, கிரில் மூடியைத் திறக்காமல் விடுங்கள். ஒரு பவுடர் தீயணைப்பான் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பெல்லட் மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குங்கள். ஈரம் பட்டால் உதிர்ந்து திருகை அடைக்கும். ஆனால் மூட்டை வைத்த அறையையும் காற்றுப் புகாமல் மூடாதீர்கள். 2006இல் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், பெல்லட் ஏற்றி வந்த கப்பலின் சரக்கறையை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் இறந்தார். அங்கே தீயே இல்லை. குவித்துப் பூட்டி வைத்த மரப் பெல்லட்டே அந்த வாயுவை விடும்.

தம்பியின் கிரில் மேல் இப்போது என் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது: "பெல்லட்டை நிறுத்து. எரியவிடு. ஆறவிடு. பிறகு அணை." அந்தப் பையன்தான் தினமும் அதைப் படித்து அடுப்பை அணைக்கிறான். பொருத்தும் அன்றே இதை நான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் அடுப்பில் இன்றே எழுதி மாட்டுங்கள்.