செடி வைத்த மீன் தொட்டி: செலவும் குறைவு, வேலையும் குறைவு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர்கள் மூவர் சார்பில் பேசியது)



எங்க குழுவில் மூணு பேர் சேர்ந்து 3,000 ரூபாய் உள்கடன் வாங்கி, மீன் தொட்டி வைத்துக் கொடுக்கிற தொழிலை ஆரம்பிச்சோம். முதல் தொட்டியை எங்க தெருவிலேயே ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். பத்தே நாளில் மீனெல்லாம் செத்து மிதந்தது. அந்த வீட்டுப் பிள்ளை அழுததைப் பார்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டோம். அந்த மாசம் தவணை கட்டக் கையில் காசில்லை. குழுக் கூட்டத்தில் தலையைக் குனிஞ்சுதான் உட்கார்ந்திருந்தோம்.

எங்கே தப்பு? தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே இருபது மீனை விட்டோம். தண்ணீர் கலங்கினதும் எல்லாத்தையும் கொட்டி, கல்லைக்கூடத் தேய்ச்சுக் கழுவினோம். வண்ண மீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூருக்குப் போய்க் கேட்ட பிறகுதான் விஷயம் புரிஞ்சது.

மீனோட கழிவில் அம்மோனியா என்கிற நஞ்சு இருக்கு. மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வளர்கிற நல்ல கிருமிகள் அதைக் கெடுதல் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். அவை பெருக மூணு நாலு வாரம் ஆகும். பாலுக்கு உறை ஊத்திட்டு ஆட்டாம வைக்கிறோமே, அது மாதிரி காத்திருக்கணும். நாங்க கழுவிக் கழுவி அந்தக் கிருமியை அழிச்சுட்டோம். செடி நிறைய இருந்தால் கழிவை அதுவும் உரமாக எடுத்துக்கொள்ளும். நமக்கு வேலை குறையும்.

இப்போ நாங்க செய்யும் முறை:

1. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். மண்ணோடு சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் வரும். ஆடாத மேசை வேணும். அடியில் தெர்மாகோல் போடணும். நேர் வெயில் பட்டால் தண்ணீர் பச்சையாகிவிடும்.

2. எருவோ உரமோ போடாத தோட்டத்து மண்ணைச் சலித்து 1 அங்குலம். மேலே கழுவிய ஆற்று மணல் 1 அங்குலம். அதன்மேல் தட்டு வைத்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றணும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றணும்.

3. செடியை முதல் நாளே நெருக்கமாக நடணும். ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா நன்றாக வரும். குளத்துச் செடி என்றால் ஒரு வாரம் தனி வாளியில் போட்டு, நத்தையும் தும்பிப் புழுவும் இருக்கான்னு பார்க்கணும்.

4. 10 வாட் எல்.இ.டி. விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம்.

5. மூணு வாரம் கழிச்சு மூணு கப்பி மீன். பத்து நாள் கழிச்சு மற்றவை. மொத்தம் 8 முதல் 10 போதும். ஆண் மீன் மட்டும் விட்டால் குட்டி பெருகாது.

6. தீனி ஒரு வேளை, ரெண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றணும். எடுத்த தண்ணீர் ரோஜாச் செடிக்கு நல்ல உரம்.

மீன் குறைவாக இருந்தால் மோட்டார் இல்லாமலே ஓடும், கரண்ட் போனாலும் பயமில்லை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் காற்று போதவில்லை, மீனைக் குறைக்கணும். வேண்டாத மீனைக் குளத்தில் விட்டுடாதீங்க. நம்ம ஊர் மீனுக்கு அது இடைஞ்சல்.

செலவுக் கணக்கு: பழைய தொட்டி 500, விளக்கு 200, செடி 120, மீன் 100, மணலும் தெர்மாகோலும் 80. ஆக 1,000 ரூபாய்.

இப்போ, "மூணு வாரம் கழிச்சுத்தான் மீன் தருவோம்"னு முன்கூட்டியே சொல்லிடறோம். பொறுக்க முடியாமல் சிலர் திரும்பிப் போறாங்க, போகட்டும். காத்திருந்தவங்க வீட்டில் மீன் உயிரோட இருக்கு. உள்கடனில் கடைசித் தவணையைப் போன மாசம் கட்டிட்டோம். முதலில் அழுத அந்தப் பிள்ளை வீட்டுக்கும் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்திருக்கோம், காசு வாங்கவில்லை.