கணினித் திரையில் வரும் பொய்யோலை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் முழங்கவேண்டிய இம்மேடையில் கணினியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். இரயில்வேயில் எழுத்தராக இருந்து நாள்தோறும் கணினியின் முன் அமர்ந்து பயணச்சீட்டு வழங்குபவன். இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவே. ஆயினும் பேசவேண்டிய காலம் வந்துவிட்டது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் நம் பிள்ளைகளின் பிழைப்பு பெங்களூர் என்றாயிற்று. விடியுமுன் மாரிகுப்பத்து வண்டியில் ஏறுவோர் இரவில்தான் வீடு திரும்புகின்றனர். பகலெல்லாம் வீட்டிலுள்ள கணினியோடு இருப்பவர் யார்? சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த தாத்தாவும், பாட்டியும், பள்ளி விட்டு வரும் சிறுவருமே! ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று, வங்கிக் கணக்கு, பேரனின் பாடம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. எத்தன் நுழைய விரும்புவதும் அதற்குள்தான்.

அவன் கதவை உடைத்து வருவதில்லை. அழைப்போலை காட்டி வருகிறான். ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கையில் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்புத் தோன்றும். ‘உங்கள் கணினி பழுதடைந்துவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்’ என்று அது மிரட்டும். சில வேளை மணியடித்து ஓலமிடும். பிள்ளைகள் அப்டேட் என்று கூறும் புதுப்பித்தல், கணினிக்கு மெய்யாகவே வேண்டிய ஒன்று. ஆதலால் வஞ்சகன் அதன் வேடத்தையே புனைகிறான்.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவது எங்ஙனம்? எங்கள் இரயில்வே வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். டோக்கன் முறை உள்ள ஒற்றைத் தடத்தில், அடுத்த நிலையத்தின் இசைவு பெற்று, பூட்டிய கருவியிலிருந்து எடுத்த டோக்கன் கைக்கு வந்தாலன்றி ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். மேடையில் நின்று எவனோ ஒருவன் பச்சைத் துணியை ஆட்டினால் வண்டி புறப்படுமா? படிக்கும் பக்கத்தின் நடுவே தோன்றும் அறிவிப்பு அந்தப் பச்சைத் துணி போன்றது. மெய்யான புதுப்பித்தலோ, அதை ஆக்கிய நிறுவனத்தின் மின்முத்திரையோடு வரும். கணினி தானே அம்முத்திரையைச் சோதித்து ஏற்கும். அதைக் காணவேண்டிய இடமும் உண்டு. விண்டோஸ் கணினியாயின் ‘செட்டிங்ஸ்’ என்னும் பகுதிக்குள் ‘விண்டோஸ் அப்டேட்’ என்று இருக்கும். குரோம் உலாவியாயின் வலப்புற மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, ‘ஹெல்ப்’ என்பதற்குள் சென்று பார்க்கலாம். அறிவிப்பு எது வந்தாலும் அதன்மேல் அழுத்தாமல் அதை மூடிவிட்டு, நாமே அவ்விடத்துக்குச் சென்று பார்த்தல் வேண்டும். அங்கே ஒன்றும் இல்லையாயின் திரையில் கண்டது புரட்டே.

புரட்டர்களின் பழைய தூண்டில் ஃபிளாஷ் பிளேயர் என்பது. படம் பார்க்கப் பயன்பட்ட அம்மென்பொருளை அதன் நிறுவனமாகிய அடோபி 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு கைவிட்டது. இனி ஒருவன் அதைப் புதுப்பிக்கச் சொன்னால், அது இறந்தவர் பெயரில் ரேஷன் வாங்குவதை ஒக்கும்!

மற்றொரு வகையில், அறிவிப்போடு தொலைபேசி எண்ணும் இருக்கும். அழைத்தால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் இனிக்க இனிக்கப் பேசுவான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றை இறக்கச் சொல்வான். அவை தம்மளவில் குற்றமற்ற கருவிகளே. ஆனால் அவற்றின் வழியே நம் திரை அவன் கைக்குப் போய்விடும். தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே கூறியிருக்கிறது. இவ்வகை ஏமாற்று மையங்கள் நம் நாட்டிலேயே இயங்கின என்பது தலைகுனியத்தக்க செய்தி. 2018 நவம்பரில் குருகிராம், நொய்டா நகரங்களில் 16 மையங்களைக் காவல்துறையினர் சோதனையிட்டனர். 2023 அக்டோபரில் இத்தகைய இணையக் குற்றங்களுக்காக மத்தியப் புலனாய்வுத் துறை பல மாநிலங்களில் 76 இடங்களில் தேடியது.

அண்மையில் தோன்றிய சூழ்ச்சி இவற்றினும் கொடிது. விண்டோஸ் புதுப்பித்தல் நடப்பதைப் போன்ற நீலத்திரையைக் காட்டி, இறுதியில் சில விசைகளை அழுத்தச் சொல்வார்கள். விண்டோஸ் விசையோடு ‘ஆர்’, பிறகு கண்ட்ரோலோடு ‘வி’, பிறகு ‘என்டர்’. நம் கையைக் கொண்டே நஞ்சுக் கட்டளையைக் கணினிக்கு இடச்செய்கிறார்கள்! 2025இன் இறுதியில் இது பரவலாகக் கண்டறியப்பட்டது. எந்த மெய்யான புதுப்பித்தலும் இவ்வாறு கேட்பதில்லை. அத்தகைய திரை தோன்றினால் ‘எஸ்கேப்’ விசையையோ, ‘ஆல்ட்’ விசையோடு ‘எஃப் 4’ஐயோ அழுத்தி மூடுக. மூடாவிடில் கணினியையே நிறுத்திவிடுக. குடி முழுகிவிடாது.

‘இத்தனை தொல்லை எதற்கு, புதுப்பித்தலே வேண்டாம்’ என்று இருந்துவிடலாமோ எனின், அது இன்னும் பெரிய கேடு. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் பொருட்படுத்தாதவர் பலர். மே 12ஆம் நாள் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் தடுமாறின. சென்னை அருகே ரெனோ-நிசான் ஆலைக்கும், திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளுக்கும்கூட அது வந்தது. நம் வீடுகளில் விண்டோஸ் 10 உள்ள பழைய கணினிகள் பல இருக்கும். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் வரும் என்று அறிவிக்கப்பட்டது. இக்குழப்பத்தைப் பயன்படுத்தி ‘விண்டோஸ் 11க்கு மாற்றித் தருகிறோம்’ என்று வருவோரிடம் விழிப்பு வேண்டும்.

எல்லாம் அறிந்தும் ஒருவர் சிக்கிவிடலாம். அப்பொழுது வீட்டிலுள்ளோர் அவரை ஏசத் தொடங்கினால், அடுத்த முறை அவர் சொல்லாமல் மறைப்பார். அந்த மறைப்பினால் ஏற்படும் நட்டமே பெரிது. முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்கவேண்டும். பணம் போயிருந்தால் சற்றும் தாமதியாமல் 1930 என்னும் அரசின் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வழி உண்டு. கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றவேண்டும்.

பெங்களூர் சென்று வரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் வீட்டுக் கணினியின் முன் தாத்தாவோடு அமருங்கள். புதுப்பித்தல் தானாக நடக்கும்படி அமைத்து, அதைப் பார்க்கும் இடத்தை அவரே விரல் வைத்துக் காட்டும்வரை பழக்குங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். பாலகாட்டில் ஆளில்லாத வீட்டினர் சங்கத்தில் தெரிவித்தால், பணி முடிந்த மாலைகளில் நானே வந்து அமைத்துத் தரச் சித்தமாயிருக்கிறேன்.