பாஸ்பைடு காப்பாற்றிய வேலை

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலோகப் பாஸ்பைடுகளின் படிக அமைப்பு என்றதும் பின்வரிசையில் சிலர் கேன்டீன் பக்கம் பார்ப்பது தெரிகிறது. பயப்படாதீங்க, நானும் தட்டுத்தடுமாறித் தேறியவன்தான். நிக்கல் பாஸ்பைடு நாற்கோணம், ஓர் அலகுக்கூட்டில் 32 அணுக்கள் என்று மனப்பாடம் செய்தேன். எதுக்குன்னு கேட்டதில்லை.

சேரப்பணஞ்சேரியில் ஒரு சின்ன முலாம் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தபோது அது புரிந்தது. மின்சாரம் பாய்ச்சாமல் ரசாயனக் கரைசலிலேயே இரும்புத் தண்டுகளுக்கு நிக்கல் பூசுவோம். கரைசலிலுள்ள ஹைப்போபாஸ்பைட்டிலிருந்து பாஸ்பரஸும் கூடவே படியும். பூசியவுடன் அதில் படிக ஒழுங்கு கிடையாது. கடினம் சுமார் 500 விக்கர்ஸ். 400 டிகிரி உலையில் ஒரு மணி நேரம் வைத்தால் நிக்கல் பாஸ்பைடு படிகங்கள் உண்டாகி 900ஐ எட்டும்.

ஒருமுறை முழு லாட்டும் திரும்பி வந்தது. கடினம் 500தான். இரவு ஷிப்ட் பையன்கள் இருவரும் தூங்கிட்டாங்கன்னு சொல்லி, கணக்கு முடிக்கச் சொன்னார் முதலாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு தண்டை அறுத்து நம்ம கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்து வந்தேன். எக்ஸ்ரே வரைபடத்தில் ஒரே அகலமான மேடு. அதையே 400 டிகிரியில் வைத்தெடுத்ததும் ஊசி ஊசியாகக் கோடுகள். அதே நாற்கோணம்! பூச்சில் குறையில்லை, சூடுதான் ஏறவில்லை. எங்கள் மீட்டர் 400 காட்டியபோது உலைக்குள் 250கூட இல்லை. மீட்டரைச் சோதித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவன் நான், சோதிக்காமலே. அதை முதலாளியிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தண்டுகளை மறுபடி சுட்டு அனுப்பினோம். பையன்கள் நின்றார்கள், என் இன்கிரிமென்ட் போயிற்று.

அன்றிலிருந்து பாஸ்பைடு என்று எங்கே கண்டாலும் படிப்பேன். இரும்பு விண்கற்களில் வரும் ஷ்ரைபர்சைட்டும் இதே நாற்கோணக் குடும்பம்தான். இன்னொன்று, இரண்டு இரும்புக்கு ஒரு பாஸ்பரஸ் உள்ள பாஸ்பைடு. சாதாரணமாக அது அறுங்கோணம். சுமார் 80,000 வளிமண்டல அழுத்தமும் 1,100 டிகிரிக்கு மேல் சூடும் சேர்ந்தபோது, செஞ்சாய்சதுரமாக மாறியதை 2008இல் காட்டினார்கள். சரக்கு அதேதான், அணுக்கள் உட்காரும் இடம் வேறு. அந்த வடிவக் கனிமம் அதற்கு முன்பே, 2002இல், ஒனெல்லோ என்ற விண்கல்லில் கண்டறியப்பட்டு அல்லாபோக்டனைட் என்று பெயர் பெற்றிருந்தது. விண்வெளியில் பட்ட மோதலின் தடயமாக இருக்குமோ என்று ஆராய்கிறார்கள்.

இவ்வளவு அழுத்தம் தர, இரண்டு வைர முனைகளுக்கு நடுவே ஒரு துணுக்கை வைத்து நசுக்குவார்கள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அந்தக் கருவியில் ஆய்வு நடக்கிறது. மாணவர்கள் துறைத்தலைவரைப் பிடித்து ஒரு நாள் போய்ப் பார்க்கக் கேளுங்க.

சாப்பாடு ஆறுதுன்னு செயலாளர் சைகை காட்டுகிறார்.