தடுப்பூசி ஆய்வும் உடல் எனும் அமானிதமும்

(சிதம்பரத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஆரோக்கியமானவர்களின் சம்மதத்தோடு அவர்கள் உடலில் கிருமியைச் செலுத்தி, தடுப்பூசி பலன் தருகிறதா என்று பார்க்கும் ஆய்வுமுறை ஒன்று உண்டு. காசநோய்க்கும் இதைச் செய்யலாமா என்று விஞ்ஞானிகள் ஆலோசித்து வருகிறார்கள். "தெரிந்தே கிருமியைக் கொடுப்பதா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இதன் தேவையை நம் தமிழ்நாட்டு அனுபவமே சொல்லும். 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேர் பி.சி.ஜி. ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு நோய் வருகிறது என்று 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. ஆனால் குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது காக்கிறது. ஆகவே பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடத் தவறாதீர்கள்.

இந்த நீண்ட காத்திருப்பைக் குறைக்கவே புதிய முறை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் நூறு தன்னார்வலர்கள் டைபாய்டு கிருமியைக் குடித்தார்கள். ஐதராபாத்தில் தயாரான தடுப்பூசி பலன் தருவதை 2017இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

ஆனால் டைபாய்டு வேறு, காசநோய் வேறு. டைபாய்டுக்கு இரண்டு வார மருந்து போதும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம். அதன் கிருமி பல ஆண்டுகள் உடலில் உறங்கிக் கிடந்து பிறகு எழும். இருமினால் வீட்டாருக்கும் பரவும். அதனால்தான் வீரியமுள்ள காசநோய்க் கிருமிக்குப் பதிலாக, பி.சி.ஜி.யில் உள்ள வலுவிழந்த கிருமியை வைத்து இங்கிலாந்தில் ஆய்வு செய்கிறார்கள். இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளுக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் முன்வைத்தது.

ஆய்வு நமக்குப் பகை அல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகள் பங்கேற்றதால்தான், காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று உலகம் அறிந்தது.

ஆனால் நம் உடல் இறைவன் தந்த அமானிதம். பிறர் உயிர் காக்க ஒருவர் மனமுவந்து முன்வருவது வேறு. வீட்டுக் கஷ்டத்தால் பணத்துக்காகச் சம்மதிப்பது வேறு. எனவே எந்த ஆய்வுக்கும் ஆள் சேர்க்க நம் அறக்கட்டளையின் பெயரைத் தர மாட்டோம். யாரையும் தடுக்கவும் மாட்டோம். உங்களை யாராவது அழைத்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா? சம்மதப் படிவம் தமிழில் உள்ளதா? எப்போது வேண்டுமானாலும் விலகலாமா? பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு? 2019ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள் இந்த உரிமைகளை உங்களுக்குத் தருகின்றன. படிக்கத் தெரியாதவர்கள் கையெழுத்திடும் முன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், படித்துச் சொல்கிறோம்.

புதிய தடுப்பூசி வரும்போது வரட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் இன்றே கடலூர், சிதம்பரம் அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று நோயை மறைத்தால், அதே வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் பரவும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நலம் தருவானாக. வஸ்ஸலாம்.